விளையாடப்போகும் இரவில் வாங்குங்கள்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தம்பி. மேலோட்டமாகப் பார்த்தால் அது கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் 2025 குளிர்கால விற்பனையைப் பற்றியது. கூடையில் ஒன்பது விளையாட்டுகள், மொத்தம் 187 சிங்கப்பூர் வெள்ளி. பலவற்றில் 60, 75 விழுக்காடு தள்ளுபடி. இந்தத் தள்ளுபடி உண்மையா, இப்போதே வாங்குவதா, அடுத்த விற்பனைவரை பொறுப்பதா, வெளியே கீ, அதாவது விளையாட்டைக் கணக்கில் சேர்க்கும் குறியெண், விற்கும் தளங்களில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: கணக்கில் ஏற்கெனவே 64 விளையாட்டுகள் இருக்கின்றன, பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, மார்ச்சில் தேசிய சேவை முடிந்ததும் புதுக் கணினி வாங்கப்போகிறேன், அதற்காகத்தான் இந்தச் சேகரிப்பு. என் கண்ணுக்கு அந்த இரண்டு வரிதான் கேள்வி. மற்றதற்கும் பதில் சொல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேசிய சேவை முடித்த கையோடு, 2005 முதல் நான்கு ஆண்டுகள் ஒரு கடைத்தொகுதியில் கணினி விளையாட்டு விற்கும் கடையில் கல்லாவில் நின்றேன். பெட்டியில் வரும் விளையாட்டுகளின் காலம் முடியத் தொடங்கியபோது வெளியேறினேன். அதன்பின் இன்றுவரை ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை. ஆக, விற்பவன் பக்கமும் வாங்குபவன் பக்கமும் கொஞ்சம் தெரியும். கூடவே ஒரு பழக்கம் உண்டு. 2011 முதல் நான் வாங்கிய ஒவ்வொரு கணினி விளையாட்டையும் கட்டம் போட்ட பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வருகிறேன்: தேதி, விலை, முதலில் திறந்த தேதி, விளையாடிய மணி, முடித்தேனா இல்லையா. என் மனைவி அதற்கு 'பாவக் கணக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார். கன்சோல் பக்கம் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்லமாட்டேன். சட்டமும் நான் படித்தவனல்லன்.

முதலில் தள்ளுபடி உண்மையா என்பது. இந்தச் சந்தேகம் நியாயமானது, அது எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த கடையில் ஒரு பள்ளி விடுமுறைக்கு முந்திய இரவு, முதலாளி ஒரு சுருள் விலை ஒட்டியைக் கொடுத்தார். 39.90 என்றிருந்த ஒட்டியைக் கட்டைவிரல் நகத்தால் உரித்தெடுத்துவிட்டு 69.90 ஒட்ட வேண்டும். அதைச் சிவப்பு மார்க்கரால் அடித்து, கீழே 39.90 என்று எழுத வேண்டும். நாற்பது பெட்டிகளுக்கு மேல் செய்தேன். பசை நகத்துக்கடியில் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஒரு தாயார் மகனிடம், "பார், முப்பது வெள்ளி மிச்சம்," என்று சொல்லிக்கொண்டே பணம் எண்ணினார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இன்று இங்கே அப்படிச் செய்தால் கேள்வி வரும். போலியான 'முந்தைய விலை'யைக் காட்டித் தள்ளுபடி சொல்வது பற்றிச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி 2020 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஸ்டீமில் அந்தச் சுருள் ஒட்டி வேலை எளிதில் நடக்காது. விலையை வைப்பது பதிப்பாளர்தான், ஆனால் கடையின் விதிகள் அவர் கையைக் கட்டுகின்றன. விலையை ஏற்றினால் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குத் தள்ளுபடி தர முடியாது. ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் இடையிலும் அதே அளவு இடைவெளி வேண்டும். பருவகாலப் பெருவிற்பனைகளுக்கு மட்டும் இந்த இடைவெளியிலிருந்து விலக்கு. தள்ளுபடி ஓடிக்கொண்டிருக்கும்போது அடிப்படை விலையைத் தொட முடியாது. இவற்றுக்கு மேல், ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒவ்வொரு விளையாட்டின் விலை வரலாறும் சிங்கப்பூர் வெள்ளியிலேயே கோடாக வரைந்து கிடக்கிறது. அங்கே போய் அரை நிமிடம் பாருங்கள், உங்கள் 75 விழுக்காடு நிஜமா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் நிஜம்தான். அதில் தெரியும் இன்னொன்றைத்தான் பலர் கவனிப்பதில்லை: இதே 75 விழுக்காடு சென்ற ஜூனிலும் இருந்தது, மார்ச்சிலும் இருந்தது.

ஆண்டுக்கு நான்கு பெருவிற்பனைகள் நடக்கின்றன. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நமக்குச் சம்பந்தமில்லாத பருவங்களின் பெயர்கள்; இங்கே வெயிலும் மழையும்தான். வசந்த விற்பனை 2023-இல் சேர்ந்தது. அதற்கு முன் சீனப் புத்தாண்டையொட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்பாவ் அன்பளிப்புப் பணத்தோடு அலையும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது வெகு பொருத்தமாக இருந்தது, போய்விட்டது. இந்தப் பெரியவை போகப் பதிப்பாளர் விற்பனை, வகைவாரி விற்பனை என்று வாரம்தோறும் ஏதாவது நடக்கிறது. 2015-க்கு முன்பு கதை வேறு. சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு விலை, தவறவிட்டால் போச்சு என்று திடீர்த் தள்ளுபடிகள் இருந்தன. அமெரிக்க நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்த ஆட்களில் நானும் ஒருவன். இப்போது விற்பனை தொடங்கும் நிமிடத்தின் விலைதான் முடியும் நிமிடத்திலும். டிசம்பர் 18 என்று அறிவித்த இந்த விற்பனை நமக்குத் தொடங்கியது மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னிரவு 2 மணிக்கு. அந்நேரம் விழித்திருந்து வாங்கியவர்களுக்கு ஒரு காசும் அதிகம் மிச்சமாகவில்லை.

விலை எப்படி இறங்கும் என்பதற்கு என் நோட்டில் ஒரு படிக்கட்டு தெரிகிறது. பெரிய நிறுவனத்தின் விளையாட்டென்றால் முதல் மூன்று நான்கு மாதம் விலை அசையாது. பிறகு 20 விழுக்காடு. ஓராண்டில் 33-க்கும் 50-க்கும் நடுவே. இரண்டாம் ஆண்டில் 60. அதன்பின் 75-இல் வந்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு விற்பனைக்கும் அதே எண்ணைக் காட்டும். ஒரு படி இறங்கிய விலை மறுபடி மேல் படிக்குப் போனதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இது என் ஒருவனுடைய நோட்டு, என் ரசனைக்கு அகப்பட்ட விளையாட்டுகள். எழுதி வைத்த விதி எங்கும் கிடையாது. பால்டர்ஸ் கேட் 3 போல 2023-இல் வந்தும் படிகளை மெதுவாகவே இறங்குபவை உண்டு. ஒரு படிகூட இறங்காததும் உண்டு. ஃபாக்டோரியோ இதுவரை ஒருமுறைகூடத் தள்ளுபடிக்கு வந்ததில்லை. 2023 ஜனவரியில் 30 அமெரிக்க டாலரிலிருந்து 35-க்கு ஏறத்தான் செய்தது. தள்ளுபடி தரமாட்டோம் என்று அதைச் செய்தவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை.

இனி அந்தப் பாவக் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2019 டிசம்பர், குளிர்கால விற்பனை. பதினொரு விளையாட்டுகள், 96 வெள்ளி. நோட்டில் ஓரமாக, 'நல்ல வேட்டை' என்று நானே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகள் கழித்து இன்று அந்தப் பக்கத்தில் மூன்றுக்கு எதிரே 'முடித்தேன்' என்று இருக்கிறது. இரண்டை ஒரு மணி நேரம் ஆடிவிட்டு விட்டேன். ஆறுக்கு எதிரே 'திறந்த தேதி' கட்டம் வெறுமை. அந்த ஆறில் நான்கு பின்னர் நான் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு வந்தன, ஒன்றை எபிக் என்ற இன்னோர் இணையக் கடை இலவசமாகவே கொடுத்துவிட்டது. ஆக 96 வெள்ளிக்கு நான் வாங்கியது மூன்று விளையாட்டுகள், தலைக்கு 32 வெள்ளி. அந்த மூன்றையும் விளையாட நினைத்த அன்றன்று முழு விலைக்குச் சற்றே குறைவாக வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய அதே பணம்தான் ஆகியிருக்கும். தீபாவளிக்கு முன் தேக்காவில் 'மூன்று எடுத்தால் ஒன்று இலவசம்' பார்த்து நான்கு சேலை வாங்கி, இரண்டைப் பீரோவிலேயே வைத்திருக்கும் என் அம்மாவை நான் கேலி செய்வதை அந்தக் கூட்டலுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

அதனால் நான் கடைப்பிடிப்பது ஒரே விதி: விளையாடப்போகும் இரவில் வாங்குவது. எது மலிவாக இருக்கிறது என்று பார்த்து வாங்கி அடுக்கினால், நீங்கள் அதைத் தொடும் நாள் வருவதற்குள் அது இன்னும் ஒரு படி இறங்கியிருக்கும், இரண்டு திருத்தங்களும் கூடுதலாக வந்திருக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். கணினி விளையாட்டில் ஆறிய கஞ்சிக்குத்தான் ருசி. சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பர் 10-ஆம் தேதி. அப்போதிருந்த மோசமான நிலையில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 புதுப்பிப்புக்குப் பிறகு வாங்கியவருக்குக் கிடைத்தது வேறொரு விளையாட்டு, அதுவும் பாதி விலைக்குக் கீழே. நோ மேன்ஸ் ஸ்கை கதையும் இதுதான்: 2016-இல் முழு விலை கொடுத்தவர் ஏமாற்றத்தை வாங்கினார், பொறுத்தவர் ஆண்டுக்கணக்கில் வந்த இலவசப் புதுப்பிப்புகளையும் சேர்த்து வாங்கினார்.

நோட்டில் முன்பு 'ஒரு மணிக்கு எத்தனை காசு' என்றும் ஒரு கட்டம் வைத்திருந்தேன். கொள்முதல்காரன் புத்தி. சில ஆண்டுகளில் அதை அடித்துவிட்டேன், ஏனென்றால் அது பொய் சொன்னது. ஃபயர்வாட்ச் எனக்கு ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. காட்டுத்தீயைப் பார்த்துச் சொல்லும் கோபுரக் காவலர் ஒருவர், வாக்கி டாக்கியில் ஒரு குரல், அவ்வளவுதான். மறுநாள் எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் அந்தக் குரல் காதில் இருந்தது. இன்னொன்றை 140 மணி நேரம் ஆடினேன், அதில் நூறு மணி நேரம் மூலிகை பறித்தேன். கணக்குப்படி மூலிகைதான் மலிவு.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. உரிமம் காலாவதியானால் கடையிலிருந்தே காணாமல் போகும் விளையாட்டுகள் முதலாவது. நிஜக் கார்களும் நிஜப் பாடல்களும் உள்ள பந்தய விளையாட்டுகளுக்கு இந்தக் கதி அடிக்கடி நேர்கிறது. ஃபோர்ஸா ஹொரைசன் 4 2024 டிசம்பர் 15 அன்று விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் இன்றும் ஆடலாம், மற்றவர்கள் மின்னிலக்கக் கடையில் வாங்க வழியில்லை. இரண்டாவது, ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது சேர்ந்து ஆட வேண்டியவை. அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை, திருவிழாவுக்குப் போகிறவன் பஸ் கட்டணம் பார்ப்பதில்லை. மூன்றாவது, ஆரம்ப விலையே நியாயமாக இருப்பவை. சில்க்சாங் 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு நமக்குத் திறந்தது, 20 அமெரிக்க டாலருக்கு. கூட்டத்தில் ஸ்டீம் உட்படப் பல கடைகள் திணறின. நான் தூங்கிவிட்டு மறுநாள் வாங்கினேன், அன்றிரவே ஆடினேன், வாரக்கணக்கில் ஒரே பூச்சியிடம் அடிவாங்கினேன். கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33-ஐ வெளிவந்த வாரத்திலேயே முழு விலைக்கு வாங்கினேன். 2025 டிசம்பரில் அதற்கு ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது கிடைத்தது எனக்கு வியப்பாக இல்லை. இந்த ஆண்டு என் நோட்டில் தள்ளுபடியில் வாங்கிய எதுவும் அந்த இரண்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இப்போது உங்கள் அந்த இரண்டு வரி. மார்ச்சில் வரப்போகும் கணினிக்காக டிசம்பரில் விளையாட்டு வாங்குகிறீர்கள். கல்லாவில் நின்ற காலத்தில் இந்த வகை வாடிக்கையாளரை நான் நிறையப் பார்த்தேன். பெட்டியைத் திருப்பிப் பின்னால் உள்ள கணினித் தேவையைப் படிப்பார், "இப்போது என் கணினியில் ஓடாது, புதிதாக வாங்கப்போகிறேன்," என்பார், வாங்கிப் போவார். புதுக் கணினி வந்த அன்று அவர் கேட்டு வருவது அன்று புதிதாக வந்த விளையாட்டை. பழைய பெட்டியின் பிளாஸ்டிக் உறை வீட்டில் கிழிக்கப்படாமலே இருக்கும். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணினியின் நினைவகமான ரேமின் விலை சில மாதங்களாக ஏறிக்கொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன; குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகப்போவதாக 2025 டிசம்பர் 3 அன்று அறிவித்தது. மார்ச்சில் விலை எப்படி இருக்கும் என்று துணிந்து சொல்ல என்னால் முடியாது, இறங்கியிருக்கும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். இன்று கையில் இருக்கும் 187 வெள்ளிக்கு நான் ஒரு வேலை கொடுப்பதென்றால், அதைக் கணினி உண்டியலில் போடுவேன். விளையாட்டுகள் காத்திருக்கும். மார்ச்சில் வசந்த விற்பனையும் வரும், உங்கள் கணினியும் வரும்.

பணத்தைத் திரும்பப் பெறுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இதன் முழுப் பயனும் தெரியவில்லை. 2015 ஜூன் முதல் ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். விற்பனைக்குச் சில நாள் முன் முழு விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டீர்களா? திருப்பிக் கொடுத்துவிட்டு விற்பனை விலைக்கு மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள். அதை முறைகேடாகக் கருதமாட்டோம் என்று அவர்களுடைய கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. ஒரு பொறி மட்டும் உண்டு. விளையாட்டைத் திறந்தவுடன் 'ஷேடர் தொகுக்கிறது' என்று ஒரு கோடு மெல்ல நகருமே, அந்த நேரமும் இரண்டு மணிக் கணக்கில் சேரும். சென்ற ஆண்டு ஒரு விளையாட்டில் அந்தக் கோடு நகர்ந்து முடிய இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் நான் காப்பி கலந்து குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டேன். எனவே வாங்கிய நாளன்று அரை மணி ஆடிப்பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒரே அமர்வில் ஒன்றரை மணி ஆடுங்கள், படம் திக்குகிறதா, கை ஒத்துப்போகிறதா என்று முடிவெடுங்கள். முகாமில் இருந்துகொண்டு டிசம்பரில் வாங்கி மார்ச்சில் திறப்பவருக்கு இந்த 14 நாள் பாதுகாப்பு எப்போதோ போயிருக்கும்.

வெளியே கீ விற்கும் தளங்களுக்கு வருவோம். இரண்டு வகைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்றவை பதிப்பாளரிடமிருந்தே கீ பெற்று விற்கும் கடைகள். அங்கே தாராளமாக வாங்கலாம், பல நேரம் ஸ்டீமைவிட மலிவு. இஸ்தெயர்எனிடீல் என்ற தளம் இத்தகைய கடைகளின் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும். மற்றது யார் வேண்டுமானாலும் கீ கொண்டுவந்து விற்கும் சந்தை. அங்கே விற்பவர் யார், கீ எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன ஃபாக்டோரியோவே இதற்குச் சாட்சி. ஜி2ஏ சந்தையில் விற்ற அதன் கீகளில் 198 திருட்டு என்று 2020-இல் அந்தச் சந்தையே ஒப்புக்கொண்டு, தயாரிப்பாளருக்கு இழப்பீடும் கொடுத்தது. அங்கே வாங்கும் எல்லாக் கீயும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. எது திருட்டு என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, கீ ரத்தானால் புகார் கேட்க ஆளில்லை. எட்டு வெள்ளி மிச்சத்துக்கு அது தேவையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் வாங்குவதில்லை.

உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, ஜொகூர் பாருவில் மளிகை வாங்குவது போல ஸ்டீம் கணக்கை மலேசிய ரிங்கிட் விலைக்கு மாற்றிக்கொள்ளும் யோசனை, அதை விடுங்கள். கணக்கின் நாடு நீங்கள் பணம் கட்டும் அட்டையின் நாட்டோடு பொருந்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றவும் முடியாது. இடத்தை மறைத்து வாங்குவது ஒப்பந்த மீறல், கணக்கே முடங்கலாம். 64 விளையாட்டுகளைப் பணயம் வைத்து நாலு ரிங்கிட் மிச்சம் பிடிப்பதாகிவிடும். அர்ஜென்டினா, துருக்கி விலைகளைத் தேடி ஓடியவர்கள் கதை 2023 நவம்பரில் அங்கே அமெரிக்க டாலர் விலைகள் வந்ததோடு முடிந்தது. வரியும் தப்பாது. வெளிநாட்டிலிருந்து வரும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 முதல் இங்கே பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு. கடன் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் விழுகிறதா என்பதையும் உங்கள் வங்கி அறிக்கையில் ஒருமுறை பாருங்கள்; சில வங்கிகள் சிங்கப்பூர் வெள்ளியில் கட்டினாலும் பிடிக்கின்றன.

சேகரிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஒரு தயக்கம். நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே. 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீம் பணம் கட்டும் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று த குரூ விளையாட்டின் சர்வர்களை மூடியதும், பணம் கொடுத்து வாங்கியவர்களாலும் அதை ஆட முடியாமல் போனது. மற்ற ஆட்டக்காரர் இல்லாமல் தனியாக ஓட்டும் பகுதியும் சேர்ந்தே போனது. பெட்டி வாங்கிய காலத்தில் வட்டு நம்மிடம் இருந்தது. அலமாரியில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர் ஜிஓஜி கடையைப் பார்க்கலாம். நகல் தடுப்புப் பூட்டு இல்லாத நிறுவல் கோப்பை அங்கே இறக்கி உங்கள் வட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஸ்டீம் நாளையே மூடிவிடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. என்றாவது ஆடுவேன் என்று வாங்கி வைப்பதில் இப்படியும் ஓர் ஓட்டை இருக்கிறது என்று காட்டுகிறேன்.

மாதக் கட்டணத்துக்குப் பல விளையாட்டுகளை ஆடவிடும் சந்தா பற்றிச் சுருக்கமாக. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாக்களில் சில 2025 அக்டோபரில் விலை ஏறின, கணினிச் சந்தாவும் தப்பவில்லை. மாதத்தில் இரண்டு புது விளையாட்டைத் தொட்டுப் பார்ப்பவருக்கு இன்னும் லாபம். வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரும் உங்களுக்கு இப்போது வேண்டாம். எபிக் வாரந்தோறும் கொடுக்கும் இலவசத்தை மட்டும் எடுத்து வையுங்கள், காசில்லை. உங்கள் அக்காவும் ஆடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீம் குடும்பம் என்ற வசதியில் ஒரே வீட்டில் ஆறு பேர்வரை ஒருவர் விளையாட்டை மற்றவர் ஆடலாம். ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இருவர் ஆட முடியாது, அவ்வளவுதான். அவர் கணக்கில் என்ன இருக்கிறது என்று முதலில் எட்டிப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் கூடை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 எத்தனையோ விற்பனைகளாக அதே அடிமட்ட விலைக்கு வந்துபோகிறது, 150 ஜிபி இடமும் கேட்கிறது. புதுக் கணினியில் வட்டு இருக்கும்போது பார்க்கலாம், எடுத்துவிடுங்கள். சைபர்பங்க்கும் அப்படியே. மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் 2025 பிப்ரவரியில் வந்ததிலிருந்து கணினியில் திக்குவதாகப் புகார், திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் இப்போதைய மடிக்கணினியில் அதை நினைக்கவே வேண்டாம். பால்டர்ஸ் கேட் 3-க்கு வார இறுதிகள் போதா, உங்களுக்கு முழுசாக ஒரு மாத விடுமுறை வேண்டும். தேசிய சேவை முடித்த மறுவாரம் அதற்கான நேரம். பத்து வெள்ளிக்குக் கீழே உள்ள அந்த நான்கு சின்னவற்றில், பெயரைப் படித்ததும் இன்றிரவே ஆட வேண்டும் என்று கை துறுதுறுக்கும் ஒன்றை மட்டும் வையுங்கள். அவை எல்லாமே உங்கள் மடிக்கணினியில் ஓடும்.

ஒன்பதாவது ஸ்பிலிட் ஃபிக்ஷன். முகாமில் பக்கத்துக் கட்டில் நண்பரோடு ஆடப்போவதாகவும், ஆளுக்கொன்று வாங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்குங்கள், ஆனால் உங்களில் ஒருவர் வாங்கினால் போதும். அதில் நண்பர் அனுமதி என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது, மற்றவர் அதை இறக்கிக்கொண்டு முழு விளையாட்டையும் உங்களோடு ஆடலாம். மடிக்கணினி தாங்குகிறதா என்று முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சுக்குப் பிறகு அவர் எங்கே, நீங்கள் எங்கே என்று தெரியாது. இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் இந்தச் சனிக்கிழமை இரவே தொடங்கிவிடுங்கள். விற்பனை நம் கணக்கில் 2026 ஜனவரி 6, செவ்வாய் பின்னிரவு இரண்டு மணிவரை இருக்கிறது.